உப்புப் போட்ட வேண்டுதல்

பணி ஓய்வு பெற்ற பிறகும் என் கைப்பேசிக்குப் பற்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பழைய பிரிவிலிருந்து யாராவது ஒரு பிள்ளையின் வாயைப் படம் எடுத்து அனுப்பி, "மேடம், இது கறையா, சொத்தையா?" என்று கேட்பார்கள். போன வாரம் வாய்க்குப் பதிலாக ஒரு சுவரொட்டி வந்தது. இப்போது என் இடத்தில் இருக்கும் பவித்ரா பள்ளிகளில் ஒட்டுவதற்காகத் தயாரித்தது. 'பல்லைக் காக்கும் மதிய உணவு டப்பா' என்று தலைப்பு. கீழே அறை அறையாகப் பிரித்த ஒரு டப்பா. ஒரு அறையில் சீஸ் துண்டு, ஒன்றில் ப்ரோக்கோலி, ஒன்றில் சீவி அடுக்கிய ஆப்பிள், மற்றதில் எனக்குப் பெயர் தெரியாத ஏதோ கொட்டை.

கூப்பிட்டேன். "ஏம்மா பவித்ரா, இந்த டப்பாவ எந்த ஊர்ல கட்டுறாக?"

"நெட்ல எடுத்தேன் மேடம். அழகா இருக்குல்ல?"

"அழகாத்தான் இருக்கு. பேகம்பூர்ல கொண்டுபோயி ஒட்டிப் பாரு. பெரிய எடத்துச் சமாச்சாரம்னு பாத்துட்டுப் போயிருவாக."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப நீங்களே எழுதிக் குடுங்க மேடம். டப்பா விஷயத்துல நீங்க பாத்தத எழுதுங்க. பத்து வரி போதும்" என்றாள். பத்து வரியில் நான் எதையும் முடித்ததே இல்லை. பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கும்போதே ஒரு கதை சொல்லி முடிப்பவள் நான். ஆகவே பவித்ரா பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

திண்டுக்கல்லில் அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் நான் பல் சுகாதாரப் பணியாளராக இருந்தேன். காரை எடுப்பது, பல்லுக்குப் பூச்சு போடுவது, தேய்க்கக் கற்றுக்கொடுப்பது, பள்ளி முகாம்களுக்குப் போவது என் வேலை. ஊர் எனக்கு வைத்த பெயர் 'பல்லு நர்ஸம்மா'. நான் நர்ஸ் இல்லை என்று முதல் சில வருடம் சொல்லிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். சொந்த ஊர் தாடிக்கொம்பு. படித்தது சென்னையில். அங்கே கற்றதில் பாதி பற்களின் பெயர், மீதி விடுதிச் சாம்பாரைச் சகித்துக்கொள்வது. தொழில் கற்றது இங்கே வந்து, டாக்டர் கௌசல்யாவிடம்தான்.

அவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். கைக்குழந்தையையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். மூன்று வயதுப் பயலிடம், "கண்ணு, செத்த வாயத் தொறங்க பாக்கலாம்" என்பார். 'கொஞ்சம்' என்பதற்கு அந்தச் 'செத்த' மட்டும் எங்கள் பக்கம் வந்து கற்றுக்கொண்டது. அவரிடம் கடுமையான சட்டம் ஒன்று உண்டு. பிள்ளைக்கு முன்னால் தாயைக் குறை சொல்லக் கூடாது. நான் ஒருமுறை ஒரு அம்மாவிடம் குரலை உயர்த்திவிட்டேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க, அந்த அம்மாவ நீங்க வஞ்சீங்கன்னா நாளைக்கு அந்தக் கண்ணு யாரு பேச்சக் கேக்குமுங்க?" என்றார். அதோடு சரி.

முகாம் நடத்துவதிலும் அவர் வழி தனி. மற்ற இடங்களில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து, கண்ணாடியை வாயில் விட்டு, சொத்தை எத்தனை என்று குறித்துக்கொண்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்பிவிடுவார்கள். இவர் பள்ளிக்குப் போனதும் குட்டை பெஞ்சில் உட்கார்ந்து, "வாய அப்புறம் பாக்கலாமுங்க. மொதல்ல டப்பாவத் தொறங்க" என்பார். வாயைத் திறக்க வெட்கப்படுகிற பிள்ளைகூட டப்பாவைத் திறந்து காட்டச் சண்டை போட்டுக்கொண்டு வரும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட, எப்போது சாப்பிடுவாய் என்பதைத்தான் அதிகம் கேட்பார். "இன்ட்ரவலுக்குப் பாதியா? மீதி மத்தியானமா? அப்புறம் வேன்ல போறப்ப?" பதிலைக் கேட்டுவிட்டு, வாய்க்குள் எங்கே என்ன இருக்கும் என்று என் காதில் மெதுவாகச் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பிப்போனால் அந்தப் பிள்ளையிடமே, "தோத்துட்டேனுங்க" என்று சிரிப்பார்.

எத்தனை விதமான டப்பாக்கள்! சட்னி பிடிக்காது என்று சீனி தொட்டுக்கொள்ள இட்லி. ஜாம் தடவிய பிரெட். தயிர்ச்சோற்றுக்கு வெஞ்சனமாகச் சிப்ஸ். சிப்ஸ் உப்புத்தானே என்று அம்மாக்கள் கேட்பார்கள். அது மாவாகிக் கடவாய்ப்பல் குழியில் போய் ஒட்டிக்கொண்டால் சாயங்காலம் வரை அசையாது. டாக்டர் அவர்களுக்குச் சொல்வது எப்போதும் ஒரே விளக்கம்தான். "நீங்க பாத்திரங் கழுவிக் கவுத்தறீங்க. ஒடனே ஒருத்தரு வந்து அதுல பாயசம் ஊத்தறாரு. மறுக்காக் கழுவறீங்க, மறுக்கா ஊத்தறாரு. வாய்க்குள்ள எச்சல்தானுங்க கழுவுது. அதுக்குக் கொஞ்சம் நேரங் குடுக்கோணுமுங்க." இந்தப் பாயசக் கதையைக் கேட்டுச் சிரிக்காத அம்மாவை நான் பார்த்ததில்லை. சிரித்தவர்கள் மறக்கவும் இல்லை.

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் மட்டும் நாங்கள் கொஞ்சம் முழித்தோம். மல்லிகைப் பருவத்தில் பொம்பளைகள் விடியும் முன்னே பூப்பறிக்கப் போய்விடுவார்கள். அடுப்புப் பற்ற வைக்க ஆளில்லை. பிள்ளைகள் கடையில் ஒரு பன்னும் கடலை மிட்டாயும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வரும். மதியம் பள்ளியிலேயே சோறு உண்டு. ஆனால் அதுவரைக்கும் கடலை மிட்டாய் வாயில் ஊறிக்கொண்டே இருக்கும். மிட்டாயை நிறுத்துங்கள் என்று நான் சொன்னதும் ஒரு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"போன தடவ வந்த நர்ஸு, ரத்தமில்ல, வெல்லமுங் கடலையுங் குடுன்னுச்சு. இப்ப நீங்க குடுக்காதங்கிறீக. ஒங்களுக்குள்ள மொதல்ல பேசி முடிச்சுட்டு வாங்க தாயி."

கேட்டதில் தப்பே இல்லை. வெல்லம் மருந்து என்று பழகிய ஊர் இது, சீனிதான் கெடுதல் என்பார்கள். பல்லுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. டாக்டர் இரண்டு கட்சிக்கும் நடுவில் ஒரு வழி செய்தார். கடலை மிட்டாய் இருக்கட்டும், மதியச் சோற்றோடு சேர்த்துத் தின்றுவிட்டு வாயைக் கொப்பளிக்கட்டும். காலையில் கொறிக்க, முந்தின ராத்திரியே உப்புப் போட்டு அவித்து வைத்த கடலை. பூக்காட்டுக்குப் போகிற பொம்பளைக்கு அதைவிடச் சுலபமான சமையல் கிடையாது. அடுத்த வருடம் போனபோது பிள்ளைகளின் சட்டைப்பை எல்லாம் ஈரமாக இருந்தது. அவித்த கடலை!

பவித்ரா, இதுவரை எழுதியது முன்னுரை. நான் சொல்ல நினைத்தது நஸ்ரினைப் பற்றி.

நஸ்ரினுக்கு அப்போது ஏழு வயது. பேகம்பூர்ப் பிள்ளை. அவள் அத்தா தோல் மண்டியில் வேலை, அம்மா சபூரா வீட்டில் இருந்தாள். பிறவியிலேயே நஸ்ரினின் இருதயத்தில் ஓட்டை. அது தாமதமாகத்தான் தெரியவந்திருக்கிறது. மதுரையில் இருதய மருத்துவர்கள் பார்த்துவிட்டு, சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்யவேண்டும், தள்ளிப்போனால் நுரையீரல் கெட்டுவிடும், அப்புறம் செய்தும் பிரயோசனமில்லை என்று சொல்லியிருந்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை. முதலில் வாய் சுத்தமாக வேண்டும். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் இறங்கி, ஓட்டை அடைத்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. பல் டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் தேதி.

அவள் வாயைத் திறந்தபோது நான் டாக்டரின் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் முகத்தில் எதையும் காட்டவில்லை. மேல் முன்பற்கள் தேய்ந்து கருத்த கட்டைகளாக இருந்தன. கீழ்க் கடவாயில் இரண்டு பல் வெறும் குழி. எங்கள் நாற்காலியில் அவளைப் படுக்க வைக்க முடியாது, படுத்தால் மூச்சு முட்டும். நாற்காலியை நிமிர்த்தி வைத்து, டாக்டர் நின்றுகொண்டேதான் எல்லாம் செய்தார். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிருமிக்கு எதிரான மருந்து கொடுத்துவிட வேண்டும். அதைக் கொடுத்துவிட்டுக் கதை சொல்லிக்கொண்டிருப்பது என் வேலை. ஒரு நாளைக்கு ஒரு பல்லுக்கு மேல் தொடமாட்டார். உதடு நீலம் பாய்ந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது. பிடுங்கவேண்டியதைப் பிடுங்கி, அடைக்கவேண்டியதை அடைத்து, நல்ல பற்களுக்குப் பூச்சுப் போட்டு முடித்தோம்.

நடுவில் டப்பாவைக் கேட்டார் டாக்டர். குழையக் குழைய வடித்த பால்சோறு, அதில் மூன்று கரண்டி சீனி, பிசைந்த வாழைப்பழம். சபூரா என் பக்கம் திரும்பித்தான் பதில் சொன்னாள்.

"அவ மெல்ல மாட்டேங்கிறாக்கா. ரெண்டு வாய் மென்னாலே மூச்சு வாங்குது. சோத்தக் கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. சீனி போட்டாத்தேன் உள்ள எறங்குது. நா என்ன செய்ய?"

டாக்டர் தன் சட்டப்படி, நஸ்ரினை வராந்தாவில் இருந்த மீன் தொட்டியைப் பார்க்க அனுப்பிவிட்டுத்தான் பேசினார். மெல்லக் கஷ்டமில்லாததாக, ஆனால் இனிப்பில்லாததாக என்ன செய்யலாம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தோம். யோசித்ததில் முக்கால்வாசி சபூராதான். கைமாவை மையாக அரைத்து, பொட்டுக்கடலை மாவு சேர்த்து, வாயில் போட்டால் உதிர்கிற கோலா உருண்டை. பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்த சோறு. முட்டை ஊற்றிய இடியாப்பம். இன்டர்வலுக்கு வேகவைத்த பாசிப்பயறு. குடிக்க வெறும் தண்ணீர். அடுத்த வாரமே அவள் கொண்டுவந்து காட்டிய டப்பாவிலிருந்து டாக்டர் ஒரு கோலா உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "சோதனைக்குத்தானுங்க" என்றார். சைவக்காரர் அவர் என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதுரையில் தேதி கொடுக்கத் தயாராக இருந்தார்கள். கையெழுத்துக்காகக் கடைசிப் பரிசோதனைக்கு நஸ்ரின் வந்தாள். டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டு, வலப்பக்கம் முடித்து, இடப்பக்கம் வந்து நின்றுவிட்டார். நன்றாக இருந்த ஒரு கடவாய்ப்பல் குழிந்திருந்தது. ஈறில் சின்னதாகச் சீழ்க்கொப்புளம். புதிதாக முளைத்த நிரந்தரப் பல்லின் ஓரத்தில், சொத்தை தொடங்கும் அடையாளமாக வெள்ளைத் திட்டு.

"இன்னைக்குக் கையெழுத்துப் போட முடியாதுங்க" என்றார்.

கூட வந்திருந்த சபூராவின் புருஷன் அவளைத்தான் பார்த்தான். "என்னத்தடி குடுத்த?" என்று அவன் கேட்டது வராந்தா முழுக்கக் கேட்டது. "அல்லா மேல சத்தியமா நா ஒண்ணுங் குடுக்கல" என்று அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவள் மேல் சந்தேகமே வரவில்லை. அந்த டப்பாவை நான் திறந்து மோந்து பார்த்திருக்கிறேன். டாக்டருக்கும் அப்படித்தான். அந்தப் பல்லுக்கு வேண்டியதைச் செய்துவிட்டு என்னிடம் சொன்னார். "டப்பா சரியாத்தானுங்க இருக்குது. டப்பாவுக்கு வெளியில என்னமோ நடக்குது. பள்ளிக்கூடத்துல ஒரு நாள் உக்காந்து பாத்துட்டு வாங்க."

மறுநாள் நஸ்ரினின் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எல்லாச் சாமி கும்பிடுகிற பிள்ளைகளும் கலந்து படிக்கிற பள்ளி அது. வகுப்பு ஸ்டெல்லா டீச்சருடையது. இன்டர்வல் மணி அடித்தது. நஸ்ரின் பாசிப்பயற்றை எடுத்து ஒழுங்காகத் தின்றாள், தண்ணீர் குடித்தாள். சரிதானே என்று நான் நினைக்கும்போது நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பயல் அவளிடம் வந்தான். கையில் சின்னக் கிண்ணம்.

"பழனிப் பஞ்சாமிர்தம். எங்கம்மா நடந்து போனாக. ஒனக்காகத்தேன் வேண்டிக்கிட்டாக."

நஸ்ரின் கண்ணை மூடி வாயைத் திறந்தாள். அவன் ஒரு விரல் நிறைய எடுத்து நாக்கில் வைத்தான். அவன் பின்னால் ஒரு பெண்பிள்ளை காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். அவளுக்காக வேண்டிப் பாத்தியா ஓதிய சர்க்கரை. அவள் பின்னால் இன்னொருத்தி, மாதா கோயில் பூசைக்குப் போன இடத்தில் கொடுத்த கேக்கைத் தன் பங்கிலிருந்து கிள்ளி வைத்திருந்தாள். மதியச் சாப்பாட்டு மணிக்குப் பிறகும் இதே நடந்தது. அய்யனார் கோயில் சர்க்கரைப் பொங்கல், தர்காவில் கொடுத்த பேரீச்சம்பழம். நஸ்ரின் எதையும் மெல்லவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கணக்குப் பாடம் முடியும் வரை கரைய விட்டாள்.

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏத்தா, வேணாம்னு சொல்லக் கூடாதா?"

"எனக்காக வேண்டி துஆ செஞ்சது நர்ஸம்மா. துப்புனா துஆவும் போயிரும்ல?"

"அப்ப ஒடனே முழுங்கிட்டா?"

அவள் என்னை விவரம் தெரியாதவளைப் போலப் பார்த்தாள். "மெதுவாக் கரைஞ்சாத்தேன் நெஞ்சு வரைக்கும் போகும்."

எழுந்து டீச்சரிடம் போனேன். சங்கதியைச் சொன்னதும் ஸ்டெல்லா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "நாந்தாங்க்கா சொன்னேன். ஆபரேஷன் நல்லபடியா முடியணும், எல்லாரும் அவங்கவங்க சாமிகிட்ட வேண்டிக்கோங்கன்னு." பிள்ளைகள் வேண்டிக்கொண்டன, வீட்டிலும் போய்ச் சொல்லியிருக்கின்றன. எந்தச் சாமியிடம் எந்த வீடு வேண்டிக்கொண்டாலும், அது நஸ்ரினிடம் இனிப்பாகத்தான் வந்து சேர்ந்தது. ஆபரேஷன் நடக்கவேண்டும் என்று ஊட்டிய இனிப்புதான் ஆபரேஷனைத் தள்ளிவைத்துக்கொண்டிருந்தது. கோபப்பட ஆளே இல்லாத கேஸ் அது.

திரும்பி வந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிட்டாயைத் தடுக்கலாம், பிரசாதத்தை எப்படித் தடுப்பது? "நானே வர்றேனுங்க" என்றார்.

மறுநாள் வகுப்பில் தரையில், பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பயப்படுகிற மாதிரி எதையும் சொல்லவில்லை. "நீங்க எல்லாரும் வேண்டிக்கறதுனாலதானுங்க நஸ்ரின் கண்ணு இவ்வளவு தெம்பா இருக்குது. நிறுத்தீராதீங்க. ஆனா இந்தப் பல்லுக்கு மட்டும் இனிப்பு ஆகலீங்க. சாமி குடுக்கறதுல இனிப்பில்லாதது ஏதாச்சும் இருக்குதுங்களா? எனக்குத் தெரியல, நீங்க சொல்லுங்க."

முதலில் பஞ்சாமிர்தப் பயல் கையைத் தூக்கினான். "பெருமா கோயில்ல தயிர்ச்சோறு குடுப்பாக!"

"பிள்ளையாருக்குச் சுண்டல்!"

"நோன்புக்குக் கஞ்சி ஊத்துவாங்க டாக்டரு!"

"எங்க மாதா கோயில்ல அசன விருந்து போடுவாங்க, கறிச்சோறு!"

கறிச்சோறு என்றதும் வகுப்பே ஆர்ப்பரித்தது. நானும் சும்மா இருக்கவில்லை. "நா தாடிக்கொம்புக்காரி. பெருமா கோயில் புளியோதரைய வாங்கித் தின்னே வளந்தவ. எனக்கு எத்தன பல்லு இருக்கு பாருங்க!" என்று வாயைத் திறந்து காட்டினேன். பிள்ளைகள் எழுந்து வந்து எண்ண ஆரம்பித்துவிட்டன. அத்தனை வருடப் பணியில் என் வாயைப் பரிசோதித்த முகாம் அது ஒன்றுதான்.

அங்கேயே ஒப்பந்தம் ஆனது. வேண்டுதல் உப்புப் போட்டுத்தான் வரவேண்டும். மதியம் ஒரே மணிக்கு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டு, எல்லாரும் சேர்ந்து வாய் கொப்பளிக்க வேண்டும். நஸ்ரினுக்கு மட்டும் தனிச் சட்டம் கிடையாது. தவிர்க்க முடியாமல் இனிப்பு வந்தால் சபூராவிடம் கொடுத்தனுப்பலாம், மகளுக்காக அம்மா தின்றாலும் சாமிக்குக் கணக்குச் சரிதான் என்று டாக்டர் தீர்ப்புச் சொன்னார். அந்த வருடம் சபூரா ஒரு சுற்றுப் பெருத்தாள்.

வட்டமாக உட்காரத் தொடங்கியதும் மற்ற டப்பாக்களும் மாறின. அதை நாங்கள் திட்டமிடவில்லை. நஸ்ரினின் கோலா உருண்டையைப் பார்த்த பிள்ளைகள் வீட்டில் போய் அடம் பிடித்தன. கறி சமைக்காத வீட்டார் வாழைக்காயில் செய்தார்கள். செய்முறை கேட்டுச் சபூரா வீட்டு வாசலுக்கு அம்மாக்கள் வந்தார்கள். ஜாம் பிரெட் எப்போது நின்றது என்று ஸ்டெல்லா டீச்சருக்கே தெரியவில்லை. பவித்ரா, உன் சுவரொட்டியில் ஒரே ஒரு டப்பா இருக்கிறது. அதைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகளை வரைந்து பார்.

மறுபடியும் பரிசோதனை நாள் வந்தது. சபூராவின் புருஷன் உள்ளே வரவில்லை, வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றான். டாக்டர் அன்று அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு பல்லாகப் பஞ்சால் ஒற்றி, காற்றடித்து உலர்த்தி, கண்ணாடியில் பார்த்து, அந்தப் பல்லின் பெயரை எனக்குச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். அடைத்தது உறுதியாக இருந்தது. ஈறு ஆறியிருந்தது. வெள்ளைத் திட்டு பரவாமல் கெட்டிப்பட்டு மினுங்கியது. கடைசிப் பல்லுக்குப் பிறகும் கண்ணாடியை எடுக்காமல் மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றி, பேனாவை எடுத்தார். சபூரா சத்தம் போட்டு அழுதாள். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம். டாக்டர் மட்டும் நஸ்ரினிடம், "போயிட்டு வாங்க கண்ணு" என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

மதுரையில் அறுவை சிகிச்சை நடந்த அன்று நான் வேலையில்தான் இருந்தேன். ஒரு பெரியவருக்குக் காரை எடுத்துக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சபூராவின் புருஷன் போனில் பேசினான். "நல்லபடியா முடிஞ்சிருச்சுக்கா" என்றான்.

நஸ்ரின் வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து ஒரு மதியம் சபூரா கூப்பிட்டாள். "அக்கா, சத்தங் கேக்குதா?" என்று போனை எங்கோ கொண்டுபோய் வைத்தாள்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு கேட்டது. நறுக், நறுக் என்று ஒரு சத்தம். நடுவில் மூச்சு இரைப்பு இல்லை.

"ஆயக்குடிக் கொய்யாக்கா. நறுக்கித் தாரேன்னு சொன்னேன், கத்தி வேணாங்கிறா. புதுசா மொளச்ச பல்லால முழுசாக் கடிக்கிறா."

"அவகிட்டக் குடு" என்றேன்.

"நர்ஸம்மா, இருங்க, வாய்ல இருக்கு" என்றாள் நஸ்ரின்.

இருந்தேன். வெளியே நோயாளிகள் வரிசையில் காத்திருந்தார்கள். அவள் கடித்து, மென்று, விழுங்கி முடிக்கும் வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.